குளிருக்கு இதமாக... மூச்சுக்குப் பத்திரமாக!

டிசம்பர் லீவு. குடும்பத்தோடு ஊட்டிக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பகலெல்லாம் பொட்டானிகல் கார்டன், போட் ஹவுஸ் என்று சுற்றியாகிவிட்டது. பொழுது சாய்ந்ததுமே குளிர் எலும்புக்குள் இறங்க ஆரம்பிக்கிறது. மங்கி கேப், ஸ்வெட்டர், ரெண்டு கம்பளி... எதுவும் போதவில்லை. ‘‘ஏங்க, குழந்தைக்குக் கை காலெல்லாம் ஜில்லுன்னு இருக்கு. ஏதாவது பண்ணுங்களேன்’’ என்கிறார் மனைவி. ரூம் பார்த்துக்கொள்பவரிடம் சொன்னால், ‘‘கரி அடுப்பு கொண்டாரட்டுங்களா சார்?’’ என்கிறார்.

அடுப்பு வருகிறது. கரி நன்றாகக் கனிந்து சிவப்பாக இருக்கிறது. புகை துளியும் இல்லை. ‘புகைதான் இல்லையே, அப்புறம் என்ன?’ என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்திவிட்டுப் படுக்கப் போகிறீர்கள்...

ஒரு நிமிஷம்! அங்கேயே நில்லுங்கள்.

புகை இல்லாத அந்தத் தணலில்தான் ஆபத்தே இருக்கிறது. குளிர் காய்வது தப்பே இல்லை. உடம்புக்குச் சூடு வேண்டும்தான். ஆனால், சூடு வேறு, நெருப்பு வேறு. சூட்டை அறைக்குள் கூப்பிடலாம். நெருப்பை அறைக்குள் கூப்பிடக் கூடாது. இந்தக் கட்டுரையில் நாம் தெரிந்துகொள்ளப் போவது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

‘அதெப்படி? நெருப்பில்லாமல் சூடு வருமா?’ என்கிறீர்களா? வரும். அதை நூற்றாண்டுகளாகச் செய்து காட்டியிருக்கிறார்கள் கொரியா நாட்டுக்காரர்கள். அந்தப் பாடத்தைக் கற்க அவர்கள் கொடுத்த விலையும் கொஞ்சநஞ்சமில்லை. அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால், நம் உடம்புக்கு எப்படிச் சூடு தெரிகிறது என்று பார்த்துவிடலாம்.

காற்று மட்டும் காரணமில்லை!

போகிப் பண்டிகை அன்று விடிகாலையில் தெருவில் பழசைக் கொளுத்திவிட்டு எதிரே நின்றிருப்பீர்கள். முகம் தகதகவென்று காய்கிறது. முதுகுப் பக்கம் ஜில்லென்று இருக்கிறது. சுற்றியிருக்கும் காற்று என்னவோ ஒரே காற்றுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? நெருப்பிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர்கள், வெயில் மாதிரி நேராக வந்து உங்கள் முகத்தில் விழுகின்றன. நடுவிலிருக்கும் காற்றைச் சூடாக்கித்தான் அவை வரவேண்டும் என்பதில்லை.

இன்னொரு உதாரணம். சித்திரை மாதத்து ராத்திரி. மணி பத்து ஆகியும் மாடி அறையில் படுக்க முடியவில்லை. ஃபேன் ஓடுகிறது, ஜன்னல் திறந்திருக்கிறது, வெளியே காற்றுகூடக் கொஞ்சம் குளிர்ந்துவிட்டது. ஆனாலும் அனல் அடிக்கிறது! காரணம், தலைக்கு மேலே இருக்கும் கான்கிரீட் தளம். பகல் பூராவும் வெயிலைக் குடித்த அந்தத் தளம், ராத்திரியில் அதைக் கதிராகக் கீழே இறக்குகிறது. அறைக்குள் தெர்மாமீட்டர் காட்டும் அளவு ஒன்று. உங்கள் உடம்பு உணர்வது வேறொன்று.

குளிர்காலத்தில் இதுவே தலைகீழ். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் உடம்பு இழக்கிற சூட்டில் பெரும்பங்கு, சுற்றியுள்ள குளிர்ந்த சுவருக்கும் தரைக்கும் கதிராகத்தான் போய்ச் சேருகிறது. அறைக்காற்றை எவ்வளவு சூடாக்கினாலும், சுவரும் தரையும் பச்சைத்தண்ணி மாதிரி ஜில்லென்று இருந்தால் குளிர் விட்ட பாடாக இருக்காது. மாறாக, தரையோ சுவரோ மிதமாகச் சூடாக இருந்துவிட்டால், காற்று ஓரளவு குளிர்ச்சியாகவே இருந்தாலும் உடம்புக்கு இதமாக இருக்கும். இதைத்தான் கதிர்வீச்சு முறைச் சூடு என்கிறார்கள். ‘கதிர்வீச்சு’ என்றதும் எக்ஸ்ரே, அணு உலை என்று பயந்துவிடாதீர்கள். வெயிலில் காயும்போது படுமே, அந்த இதமான சூடுதான் இது!

தரையே கணப்பு!

கொரியாவில் குளிர்காலம் என்றால் நம்மூர் மார்கழி மாதிரி இல்லை. தண்ணீர் உறைந்து கட்டியாகிவிடும் குளிர். அந்த ஊரில் பழைய வீடுகளில் கட்டில் கிடையாது, நாற்காலி கிடையாது. நம்மைப் போலவே தரையில்தான் உட்காருவார்கள், சாப்பிடுவார்கள், பாய்போல விரித்துப் படுப்பார்கள். ஏனென்றால் அவர்களுக்குத் தரைதான் கணப்பு!

அந்த ஏற்பாட்டுக்கு ‘ஒண்டோல்’ என்று பெயர். ‘சூடான கல்’ என்று பொருள் கொள்ளலாம். அடுக்களை, மற்ற அறைகளைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்கும். அங்கே அடுப்பெரித்துச் சோறு சமைப்பார்கள். அடுப்பின் புகையும் அனலும் நேரே மேலே போய்விடாமல், பக்கத்து அறையின் தரைக்கு அடியில் அமைத்திருக்கும் வாய்க்கால் போன்ற பாதைகளில் நுழைந்து ஓடும். அந்தப் பாதைகளின் மேலே கனமான கற்பலகைகள். கற்களுக்கு மேலே மண் பூச்சு. அதற்கும் மேலே எண்ணெய் ஊட்டிய கெட்டிக் காகிதம். புகை தரைக்கடியிலேயே ஓடி, அறையின் மறுபக்கம் இருக்கும் புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும்.

யோசித்துப் பாருங்கள். சமைத்த நெருப்பே தரையையும் சூடாக்கிவிடுகிறது. கற்கள் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. புகையோ அறைக்குள் எட்டியே பார்ப்பதில்லை! அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் தரைதான் அதிகச் சூடாக இருக்கும். அந்த இடம் வீட்டுப் பெரியவர்களுக்கும் விருந்தாளிக்கும் என்று ஒதுக்கிவிடுவார்கள். நம் வீட்டில் தாத்தாவுக்குத் திண்ணையும் சாய்வு நாற்காலியும் மாதிரி!

இந்த யோசனை கடல் கடந்தும் போனது. அமெரிக்காவின் பிரபல கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாய்ட் ரைட், ஜப்பானில் ஒரு வீட்டில் இருந்த கொரிய அறையில் உட்கார்ந்து இந்த இதத்தை அனுபவித்தார். பிற்பாடு அமெரிக்காவில் அவர் கட்டிய ‘ஜேக்கப்ஸ் வீடு’ 1937-ல் முடிந்தபோது, அதன் தரைக்கடியில் சூட்டுக் குழாய்கள் ஓடின. ஒண்டோல் கலாசாரத்தைத் தங்கள் தேசியப் பாரம்பரியச் சொத்துகளில் ஒன்றாக 2018-ல் தென் கொரிய அரசு அறிவித்தது.

விறகு போய்க் கரி வந்தது... கூடவே எமனும்!

இவ்வளவு அருமையான ஏற்பாட்டில் எங்கே கோளாறு வந்தது?

1950-லிருந்து 1953 வரை நடந்த போரில் அந்த நாடே நொறுங்கிப் போனது. காடுகள் ஏற்கெனவே மொட்டையாகியிருந்தன. விறகுக்குத் தட்டுப்பாடு. அந்த இடத்துக்கு வந்தது நிலக்கரித் தூளை அழுத்திச் செய்த உருளை. ‘யோன்தான்’ என்பார்கள். ஒவ்வொன்றும் சுமார் மூன்றரை கிலோ. நம்மூர் இடியாப்ப அச்சு மாதிரி மேலிருந்து கீழ்வரை துளைகள் இருக்கும். விலை மலிவு, நின்று நிதானமாக எரியும். ஒன்று தீரும் நேரத்தில் நடு ராத்திரியில் அம்மா எழுந்துபோய் அடுத்ததை வைத்துவிட்டு வந்தால், விடியும்வரை தரை சூடாக இருக்கும்.

விறகு எரிந்தால் புகை வரும். தரையில் விரிசல் இருந்தால் கண் எரியும், இருமல் வரும், எழுந்துவிடுவார்கள். ஆனால், கனிந்த கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண்ணைக் கரிக்காது, இருமவும் வைக்காது. தரையில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலே அறைக்குள் வந்துவிடும். வெளியே பனி. உள்ளே கதவு, ஜன்னல் எல்லாம் இறுக்கமாக மூடியிருக்கும். அசந்து தூங்கிய குடும்பம் அப்படியே...

1960-கள், 70-கள், 80-களில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கொரியாவில் இந்தக் ‘கரி வாயு’ பல குடும்பங்களைக் காவு வாங்கியது. இதற்கென்றே ஆஸ்பத்திரிகளில் அழுத்தமான ஆக்ஸிஜன் தரும் தனி அறைகளை அமைக்க வேண்டி வந்தது. வீட்டுப் பெரியவர்கள், மயங்கிக் கிடப்பவருக்கு ‘தோங்சிமி’ என்ற முள்ளங்கி ஊறுகாய்த் தண்ணீரைப் புகட்டுவார்கள். நம் வீடுகளில் மயக்கம் என்றால் மோரும் எலுமிச்சைச் சாறும் நீட்டுவோமே, அதே மாதிரிதான். அதனால் இந்த விஷம் இறங்காது. மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்துதான் மிச்சம்.

ரத்தத்தில் ஒரு சீட்டுப் போட்டி

கார்பன் மோனாக்ஸைடு அப்படி என்னதான் செய்கிறது? நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஒரு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரலில் ஆக்ஸிஜன் ஏறி உட்காரும். உடம்பு பூராவும் போய் இறங்கும். கார்பன் மோனாக்ஸைடு வந்தால், ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அந்தச் சீட்டில் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. இறங்க மாட்டேன் என்கிறது. அறையில் ஆக்ஸிஜன் இருந்தும், அது ஏறுவதற்குச் சீட் இல்லை! மூளையும் இதயமும் மூச்சுத் திணற ஆரம்பிக்கின்றன. கர்ப்பிணியாக இருந்தால், வயிற்றிலுள்ள சிசுவுக்குப் பாதிப்பு இன்னும் அதிகம்.

தணல் நன்றாகக் கனிந்திருக்கும்போது அதன் மேல் நீல நிறத்தில் சின்னச் சின்ன ஜ்வாலை ஆடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அது கார்பன் மோனாக்ஸைடு எரிவதுதான். எரியாமல் தப்பியது அறைக்குள் வருகிறது. மூடிய அறையில் ஆக்ஸிஜன் குறையக் குறைய, இந்த வாயு இன்னும் கூடும்.

நெருப்பு வெளியே... வெந்நீர் உள்ளே!

கொரியர்கள் ஒண்டோலைக் கைவிடவில்லை. நெருப்பைத்தான் தள்ளி வைத்தார்கள். பாய்லர் தனி இடத்தில் இருக்கும். அதன் புகை குழாய் வழியாக வெளியே போகும். பாய்லரில் சூடான தண்ணீர் மட்டும் அறைத் தரைக்கு அடியில் பதித்த குழாய்களில் ஓடும். தரைக்கு அடியில் புகையே கிடையாது. விரிசல் விட்டாலும் வாயு வராது. இன்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளில்கூட இந்த வெந்நீர்த் தரைதான்.

தரை கொதிக்குமோ என்று நினைக்காதீர்கள். வாழும் அறைகளில் ஆட்கள் நடமாடும் இடத்துத் தரைச் சூடு 29 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தர விதி. அது நம் உடம்புச் சூட்டைவிடக் குறைச்சல். அந்த மிதமான சூடே போதும், அறை முழுக்க இதமாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும்? 2018 டிசம்பர் 18. தென் கொரியாவின் காங்நுங் நகரம். அதே வருஷம் குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்குக் கூடப் போட்டிகள் நடந்த ஊர். காலேஜ் நுழைவுத் தேர்வு முடிந்த சந்தோஷத்தில் பத்து மாணவர்கள் அங்கே ஒரு விடுதியில் தங்கினார்கள். எல்லோரும் பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகள். கேஸ் பாய்லரின் புகைக்குழாய் சரியாகப் பொருந்தாமல் விலகியிருந்தது. விடுதியில் வாயுவைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் அலாரம் இல்லை. மூன்று பிள்ளைகள் பிழைக்கவில்லை. நவீன பாய்லர்தான், ஆனாலும் ஒரு குழாய் விலகியது போதுமாக இருந்தது! அதன் பிறகு, 2020-ல் புதிய கேஸ் பாய்லர் பொருத்தும்போது கார்பன் மோனாக்ஸைடு அலாரமும் வைத்தாக வேண்டும் என்று அங்கே சட்டமே வந்துவிட்டது.

நம் வீட்டில் என்ன?

‘நமக்கேது சார் பாய்லர், ஒண்டோல் எல்லாம்?’ என்று கேட்கலாம். வாருங்கள், நம் வீட்டையே ஒரு சுற்று சுற்றி வருவோம்.

*கரி அடுப்பு, கணப்பு:* ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு... எங்கே போனாலும் சரி. மூடிய அறைக்குள் கரி அடுப்பு கூடவே கூடாது. ‘ஜன்னலை ஒரு விரக்கடை திறந்து வெச்சிருக்கோமே’ என்பது பாதுகாப்பு ஆகாது. ‘படுக்கும்போது வெளியே வைத்துவிடலாம்’ என்பதையும் நம்பாதீர்கள். இந்த வாயு முதலில் தூக்கக் கலக்கத்தைத்தான் கொடுக்கும். முறையான புகைபோக்கி உள்ள கணப்பு என்றால், அடைப்பு இல்லாமல் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நெருப்பு முழுக்க அணைந்த பிறகு படுங்கள்.

*கேஸ் கீஸர்:* காற்றோட்டம் இல்லாத சின்னக் குளியலறைக்குள் கேஸ் கீஸரை மாட்டியிருந்தால், அது கரி அடுப்புக்குத் தம்பி! குளித்துக்கொண்டிருந்தவர் மயங்கி விழுந்தார், வலிப்பு வந்தது என்று நம் நாட்டு டாக்டர்களே பல முறை மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். கீஸர் குளியலறைக்கு வெளியே, காற்றாடும் இடத்தில் இருக்கட்டும். குழாய் வழியாக வெந்நீர் மட்டும் உள்ளே வரட்டும். கவனித்தீர்களா? கொரியர்கள் செய்ததும் இதேதான்!

*ஜெனரேட்டர்:* கரன்ட் போனால் ஜெனரேட்டரை வராந்தாவிலோ, கடைக்குள்ளேயோ வைத்து ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். திறந்த வெளியில், ஜன்னலுக்குத் தள்ளி இருக்க வேண்டும். ஷட்டரை மூடிய கார் ஷெட்டில் இன்ஜினை ஓடவிடுவதும் அப்படித்தான்.

*சாம்பிராணியும் கொசுவர்த்தியும்:* பிள்ளை பெற்ற வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டி, தணலில் சாம்பிராணி போட்டுக் காட்டுவது நம் பாட்டிமார் வழக்கம். பாட்டியின் மனசைப் புண்படுத்த வேண்டாம். ஆனால், அவர்கள் காலத்து வீட்டில் முற்றம் இருந்தது. ஓட்டுக்கூரை இடுக்கு வழியாகப் புகை போனது. இப்போதிருக்கும் ஃப்ளாட்டில் பத்துக்குப் பத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு புகை போட்டால், அது பிஞ்சு நுரையீரலுக்குள்தான் போகும். தலையைத் துண்டால் துவட்டிக் காயவைத்தாலே போதுமே! கொசுவர்த்திச் சுருளும் இதே ரகம்தான். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள்.

ஜன்னலைத் திறந்தால் குளிர் வந்துவிடாதா?

நெருப்பு இல்லாவிட்டாலும் மூடிய அறையில் ஒரு பிரச்னை உண்டு. நாம் விடும் மூச்சுதான் அது. ஜெர்மனியின் ம்யூனிக் நகரத்தைச் சேர்ந்த மாக்ஸ் ஃபான் பெட்டென்கோஃபர் என்ற சுகாதார மேதை 1858-லேயே ஒரு கணக்குச் சொன்னார். அறைக்காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், அந்த அறையில் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். வெளிக்காற்றில் இன்று அது பத்து லட்சத்தில் 420 பங்குக்கு மேல் இருக்கிறது. நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால், அறைக்குள் அந்த எல்லை சீக்கிரமே தாண்டிவிடும். காலையில் எழுந்தால் தலை கனம், வாய் வறட்சி, ஒரு மந்தம். ‘ஏ.சி. ஓடுதே’ என்காதீர்கள். பெரும்பாலான ஸ்ப்ளிட் ஏ.சி.கள் உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கின்றன, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை.

குளிர் ஊரில் ஜன்னலைத் திறக்கப் பயப்படுகிறோம். இங்கேதான் சூடான தரையின் அருமை தெரிகிறது. காற்றை மட்டும் சூடாக்கி வைத்திருந்தால், ஜன்னலைத் திறந்ததும் சூடெல்லாம் பறந்துவிடும். தரையும் சுவரும் சூட்டைப் பிடித்து வைத்திருந்தால், பத்து நிமிஷம் ஜன்னலைத் திறந்து புதுக்காற்றை விட்டாலும் இதம் குறையாது. சுத்தமான காற்றும் வேண்டும், சூடும் வேண்டும் என்றால் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போட வேண்டியதே இல்லை!

வெந்நீர்த் தரை நமக்கு இல்லாவிட்டாலும் இந்தத் தத்துவம் உதவும். பகலில் வெயில் அடிக்கும் நேரத்தில் திரைச்சீலையை விலக்கி வையுங்கள். தரையும் சுவரும் சூடேறட்டும். வெயில் இறங்கியதும் கனமான திரையைப் போட்டுவிடுங்கள். காலையும் மாலையும் எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிஷம் அகலத் திறந்து வையுங்கள். தரையில் கனமான ஜமக்காளம் விரியுங்கள். காலில் சாக்ஸ் போடுங்கள். பாதத்துக்குக் குளிர் தெரியாவிட்டால் உடம்புக்கே பாதிக் குளிர் போன மாதிரி!

வெந்நீர்ப் பை: ஒரு குட்டி ஒண்டோல்

படுக்கையில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொள்கிறோமே, அதுவும் ஒண்டோல்தான். நெருப்பு சமையலறையிலேயே நின்றுவிடுகிறது; சூடு மட்டும் படுக்கைக்கு வருகிறது. அறைக்காற்றுக்கு ஒரு கெடுதலும் இல்லை.

ஆனால், கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள். மூடியை இறுக்கித் துண்டில் சுற்றிப் படுக்கையில் வைத்து, படுக்கை சூடானதும் எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவாக இருக்கும். சுடுவதே தெரியாமல் கொப்பளித்து, புண்ணாகி, ஆறாமல் தொல்லை கொடுக்கும். அவர்கள் காலில் வெந்நீர்ப் பை வைக்கவே வேண்டாம். கம்பளி சாக்ஸ் போதும். கைக்குழந்தைக்கும் பக்கத்தில் பையை வைத்துத் தூங்க வைக்காதீர்கள்.

எலெக்ட்ரிக் ஹீட்டர் வாங்குவதாக இருந்தால், எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை நல்லது. சிவப்புக் கம்பி வெளியே தெரியாது. மிதமாகச் சூடு தரும். எந்த எலெக்ட்ரிக் ஹீட்டரிலும் கார்பன் மோனாக்ஸைடு வராது. ஆனால், தீப்பிடிக்கும் பயம் உண்டு. திரை, கம்பளி, படுக்கையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். 15 ஆம்ப்ஸ் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம். ஈரத்துணியை அதன்மேல் உலர்த்தும் ‘சாமர்த்தியம்’ வேண்டவே வேண்டாம்!

இது பித்த மயக்கமா, விஷ வாயுவா?

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கை கால் தளர்ச்சி, குழப்பம்... கார்பன் மோனாக்ஸைடின் அறிகுறிகள் இவைதான். ‘பித்தம்’, ‘மலை ஏறினது ஒத்துக்கலை’, ‘ஹோட்டல் சாப்பாடு’ என்று நினைத்துப் படுத்துவிடுவது சுலபம். எப்படிக் கண்டுபிடிப்பது?

* ஒரே அறையில் இருந்த பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் சந்தேகப்படுங்கள்.
* வெளியே போனால் தேவலை, உள்ளே வந்தால் மறுபடி தலைவலி என்றால் சந்தேகம் வலுக்கிறது.
* ஃப்ளூ மாதிரி இருக்கிறது, ஆனால் காய்ச்சல் இல்லை என்றாலும் யோசியுங்கள்.

உடனே செய்ய வேண்டியவை

* கதவு, ஜன்னலைத் திறந்து எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தால், நீங்களும் அங்கேயே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்காதீர்கள், அக்கம்பக்கத்தாரையும் கூப்பிடுங்கள்.
* மயக்கத்தில் இருப்பவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சு நின்றிருந்தால், பயிற்சி பெற்றவர் நெஞ்சை அழுத்தும் முதலுதவியை ஆரம்பிக்கட்டும்.
* 108-க்குப் போன் செய்யுங்கள். ‘மூடின அறையில கரி அடுப்பு இருந்தது’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும்.
* விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ‘98’ என்று காட்டினால் நிம்மதி அடையாதீர்கள். சீட்டில் உட்கார்ந்திருப்பது ஆக்ஸிஜனா, கார்பன் மோனாக்ஸைடா என்று சாதாரண ஆக்ஸிமீட்டருக்குத் தெரியாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

இதற்கு மருந்தே ஆக்ஸிஜன்தான். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால், ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியாக முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் சுமார் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் ‘முழிச்சிட்டாரே, வீட்டுக்குப் போயிடலாம்’ என்று இருந்துவிடக் கூடாது. சிலருக்குப் பல நாட்கள், சில வாரங்கள் கழித்து மறதி, தடுமாற்றம், சுபாவ மாற்றம் வருவதும் உண்டு. டாக்டர் சொல்லும்போது மறுபடி போய்க் காட்டுவது முக்கியம்.

வெளிநாட்டில் மகள் வீட்டுக்குப் போகும் அம்மாக்களுக்கு...

பிரசவம் பார்க்க அமெரிக்கா, கனடா, லண்டன் என்று குளிர்காலத்தில் போகிறீர்களா? போன முதல் நாளே, ‘‘கார்பன் மோனாக்ஸைடு அலாரம் எங்கேம்மா இருக்கு? பேட்டரி போட்டியா?’’ என்று மகளைக் கேளுங்கள். அம்மாவுக்கு இதெல்லாம்கூடத் தெரியுதே என்று மாப்பிள்ளை அசந்துபோவார்! புகை அலாரம் வேறு, இது வேறு. சில கருவிகளில் இரண்டும் சேர்ந்திருக்கும். அலாரம் அடித்தால், ‘சும்மா கத்துது’ என்று பேட்டரியைப் பிடுங்காதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலில் வெளியே வாருங்கள். அப்புறம் போன் செய்யலாம். சாம்பிராணித் தணலையும் பார்பெக்யூ கரியையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். வெளியே பனி கொட்டினால், வீட்டுச் சூட்டு இயந்திரத்தின் புகைக்குழாய் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று மாப்பிள்ளையை ஒரு நடை பார்க்கச் சொல்லுங்கள்.

மலை ஊர்களில் குடியிருப்பவர்களும் வீட்டில் ஓர் அலாரம் வாங்கி மாட்டிவிடலாம். கேஸ் கீஸர் வைத்திருப்பவர்களும்தான். தங்கப் போகும் இடத்தில் ரூம் புக் பண்ணும்போதே, ‘ஹீட்டர் உண்டா? எலெக்ட்ரிக்கா, கரியா?’ என்று கேட்டுவிடுங்கள். கூச்சமே வேண்டாம். ‘வெந்நீர் உண்டா, டி.வி. உண்டா?’ என்று கேட்கிறோமே, அதோடு இதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கரி என்று பதில் வந்தால், ‘‘வேண்டாங்க, ரெண்டு கம்பளி கூடுதலா குடுங்க, போதும்’’ என்று சொல்லிவிடுங்கள். குளிரில் ஒரு ராத்திரி புரண்டு படுத்தாலும் விடிந்ததும் சூடாக ஒரு காபி குடித்தால் சரியாகிவிடும்!